சர்க்கரை நோயோடு மனச்சோர்வும் இருந்தால்: எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிவைப்பது

சர்க்கரை நோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டிருக்கும்போதே மனச்சோர்வும் பிடித்துக்கொண்டவர்களுக்கும், அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நீரிழிவு மருத்துவமனை ஒன்றில் மனநல ஆலோசகராக உட்கார்ந்து பார்த்ததில் எனக்குத் தெரிந்த விஷயம் ஒன்று: இடறி விழுந்தவர்களில் பலர் செய்த செயல்கள் சரியானவைதாம், வரிசைதான் தவறு.

வரிசைக்கு வெளியே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்துபோகிறது என்றால் கீழே உள்ளதைப் பிறகு படித்துக்கொள்ளலாம். இந்தியாவில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, தமிழ்நாட்டில் 104, இலங்கையில் 1926. இப்போதே அழையுங்கள், அல்லது பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். இன்சுலினும் மாத்திரைகளும் வீட்டில் இன்னொருவர் பொறுப்பில் இருக்கட்டும். வேளைக்கு வேளை அவர் எடுத்துத் தரட்டும்.

1. தொடங்கும் முன் சேர்த்துவைக்க வேண்டியவை

ஒரு நாற்பது பக்க நோட்டு, ஒரு பேனா. கைப்பேசிச் செயலி வேண்டாம் என்பது என் கட்சி. மனம் சோர்ந்தவர் கைப்பேசியைத் திறந்தால் எழுத வந்ததை விட்டுவிட்டு அரை மணி நேரம் வேறெங்கோ போய்விடுவார். நோட்டை மருத்துவர் மேசையில் விரித்தும் காட்டலாம்.

அடுத்தது இரத்தப் பரிசோதனை முடிவுகள்: ஹெச்பிஏ1சி (ஏறத்தாழ மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி), தைராய்டு, ஹீமோகுளோபின், வைட்டமின் பி12. காரணம் இருக்கிறது. தைராய்டு குறைந்தாலும் இரத்தசோகை இருந்தாலும் அசதி, தூக்கம், எதிலும் பிடிப்பின்மை எல்லாம் வரும். மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகள் எடுத்தவர்களுக்கு பி12 குறைவது உண்டு. அந்தக் குறைவு கால் மரத்துப்போவதாகவும் மனம் மங்குவதாகவும் தன்னைக் காட்டிக்கொள்ளும். சர்க்கரை 300க்கு மேலேயே நின்றாலும் உடம்பு துவண்டுதான் இருக்கும். இவற்றைப் பார்க்காமல் எல்லாவற்றையும் மனத்தின் தலையில் கட்டக் கூடாது. அதற்காக, பி12 குறைவு என்று தெரிந்தவுடன் மனச்சோர்வு இல்லை என்று முடிவுகட்டுவதும் தவறு. இரண்டும் ஒன்றாக இருப்பவர்கள் நிறையப் பேர்.

மூன்றாவது, உண்மையான மருந்துப் பட்டியல். நோட்டின் முதல் பக்கத்தில் இரண்டு பத்தி போடுங்கள். இடப்பக்கம் 'எழுதிக்கொடுத்தது', வலப்பக்கம் 'போன வாரம் உண்மையில் விழுங்கியது'. இந்தப் பக்கத்தைப் பலர் கூச்சப்பட்டுத் தவிர்க்கிறார்கள். ஆனால் இதைவிட ஆபத்தான மறைப்பு வேறில்லை. சோர்வில் மாத்திரைகளைப் பாதி நாள் விட்டிருப்பார். சர்க்கரை ஏறியிருக்கும். மருந்து போதவில்லை என்று நினைத்து மருத்துவர் அளவை ஏற்றியிருப்பார். பிறகு சிகிச்சையில் மனம் கொஞ்சம் தெளிந்து, ஒருநாள் எல்லா மாத்திரைகளையும் ஒழுங்காக விழுங்கத் தொடங்குவார். அந்த வாரத்தில்தான் சர்க்கரை 60க்கு இறங்கி, வியர்த்துக்கொட்டி, கை நடுங்கி உட்கார்ந்துவிடுவார். 'ஒழுங்காகச் சாப்பிட்டதால்தான் இப்படி ஆயிற்று' என்று மறுபடியும் விட்டுவிடுவார். மருத்துவரிடம் வலப்பக்கப் பத்தியைக் காட்டியிருந்தால் அளவைச் சரிசெய்திருப்பார்.

அந்த அபாயத்துக்காக வீட்டில் குளுக்கோமீட்டரும் கொஞ்சம் ஸ்ட்ரிப்பும் இருக்கட்டும். 70க்குக் கீழே இறங்கினால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாமல் ஆம்புலன்ஸை (இந்தியாவில் 108) அழையுங்கள்.

2. மனச்சோர்வா, சர்க்கரை மீதான சலிப்பா?

இவை இரண்டும் வேறு. சர்க்கரை நோயோடு மல்லுக்கட்டி அலுத்துப்போவது ஒன்று: ஊசி, ஸ்ட்ரிப், 'இதைச் சாப்பிடாதே' என்று காது புளிக்கக் கேட்ட பேச்சு. அந்த வட்டத்துக்கு வெளியே இவர் சிரிப்பார், பேரனோடு விளையாடுவார். மனச்சோர்வு வட்டத்துக்குள் நிற்காது, பேரன் மீதும் படியும்.

நான் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. 'நாளைக் காலையில் சர்க்கரை நோய் முழுதாகப் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். அன்றைக்கு என்ன செய்வீர்கள்?' சலித்தவர் உடனே பட்டியல் போடுவார், முதலில் அல்வா வரும். சோர்ந்தவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, 'என்ன செய்ய, ஒன்றும் இல்லை' என்பார். இது பரிசோதனை இல்லை, பேச்சைத் தொடங்க ஒரு வாசல்தான்.

பரிசோதனை என்றால் பிஹெச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவம். கடந்த இரண்டு வாரங்களில் ஒவ்வொரு தொல்லையும் எத்தனை நாள் இருந்தது என்பதற்கு 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பார்க்க வேண்டும். 15ஐத் தாண்டினால் தள்ளிப்போட இடமில்லை. ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியது. அதில் பூஜ்யத்தைத் தவிர எது வந்தாலும், மொத்தம் நான்குதான் என்றாலும், அன்றே பேச வேண்டும்.

படிவத்தை நிரப்பும்போது நான் காணும் தவறுகள் இரண்டு. கணவருக்கான விடைகளை மனைவி சொல்வது முதலாவது. 'தூக்கம் எல்லாம் நன்றாகத்தான் தூங்குகிறார் டாக்டர்' என்பார், அவர் விழித்துக்கொண்டு கண்ணை மூடிப் படுத்திருப்பது தெரியாமல். இரண்டாவது, இரவில் நான்கு முறை சிறுநீருக்கு எழுவதால் தூக்கம் கெட்டிருப்பதை அப்படியே மனச்சோர்வுக் கணக்கில் சேர்ப்பது. மதிப்பெண் போடுங்கள், ஆனால் ஓரத்தில் காரணத்தையும் எழுதிவிடுங்கள். படிவம் நோயைக் கண்டுபிடிக்காது. யாரைக் கூர்ந்து பார்க்க வேண்டும் என்று காட்டும், அவ்வளவுதான்.

3. யாரிடம் போவது, என்ன கேட்பது

மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, கட்டணம் இல்லை. 14416இல் தமிழிலேயே பேசலாம். தனியாரிடம் போனால் முதல் நாளே மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நடத்தையையும் எண்ணத்தையும் வைத்துச் செய்யும் சிபிடி சிகிச்சை தருவீர்களா? வாரத்துக்கு இடையில் வீட்டில் செய்ய வேலை கொடுப்பீர்களா? ஏறத்தாழ எத்தனை அமர்வு? 'எல்லாம் சரியாகிவிடும், நல்லதையே நினையுங்கள்' என்று மட்டும் சொல்லி அனுப்புகிறவரிடம் இரண்டாம் முறை பணம் கட்ட வேண்டாம். பொதுவாக வாரம் ஒரு அமர்வாக எட்டு முதல் பதினாறு அமர்வுகள் பிடிக்கும்.

மிதமான சோர்வுக்குப் பேச்சு சிகிச்சை மட்டுமே போதுமானதாக இருக்கலாம். கடுமையானதற்கு மாத்திரையும் சேரும். அந்த மாத்திரை வேலையைக் காட்டச் சில வாரங்கள் எடுக்கும். பத்து நாளில் ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்துபவர்கள் அதிகம், நன்றாக இருக்கிறது என்று தாமாக நிறுத்துபவர்கள் அதைவிட அதிகம். சில மாத்திரைகள் எடையைக் கூட்டும், ஆகவே சர்க்கரை நோய் இருப்பதை மனநல மருத்துவரிடம் முதல் வரியிலேயே சொல்லுங்கள். கால் எரிச்சலுக்கு என்று அமிட்ரிப்டிலின் ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருக்கலாம். அதுவும் மனச்சோர்வு மருந்து வகைதான். நோட்டின் முதல் பக்கத்தைக் காட்டினால் ஒரே வேலைக்கு இரண்டு மருந்து விழாது.

இரண்டு மருத்துவர்களும் ஒருவரையொருவர் பார்க்கப் போவதில்லை. நடுவில் ஓடும் ஆள் ஒருவர் வேண்டும். சென்னை, பெங்களூரு, டெல்லி, விசாகப்பட்டினம் ஆகிய நான்கு ஊர்களின் நீரிழிவு மருத்துவமனைகளில் 404 பேரை வைத்து நடந்து, 2020இல் முடிவு வெளியான இன்டிபென்டன்ட் ஆய்வில் செய்தது கிட்டத்தட்ட இதுதான். மருத்துவமனையிலேயே ஓர் ஒருங்கிணைப்பாளர் இருந்து, நோயாளியின் மனநிலையையும் சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு அளவுகளையும் தொடர்ந்து பார்த்து, மருத்துவர்களிடம் கொண்டுபோனார். இரண்டு ஆண்டு முடிவில், மனமும் உடம்பின் அளவுகளும் சேர்ந்து முன்னேறியவர்கள் வழக்கமான சிகிச்சையைவிட அந்தக் குழுவில் அதிகம். உங்கள் மருத்துவமனையில் அப்படி ஒருவர் இல்லையென்றால் மகளோ தம்பியோ அந்த வேலையை எடுத்துக்கொள்ளட்டும். நோட்டும் அவர் கையில்தான் போகும் வரும்.

4. முதல் வாரம்: எதையும் மாற்றாதீர்கள்

இங்கேதான் அவசரப்படுவார்கள். நானும் பட்டிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவருக்கு முதல் அமர்விலேயே உணவு அட்டவணை, நடை அட்டவணை, எண்ணப் பதிவுத் தாள் என்று ஆறு தாள்களைக் கையில் கொடுத்து அனுப்பினேன். மனிதர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு கும்பிட்டுவிட்டுப் போனார். திரும்பி வரவே இல்லை.

முதல் வாரத்தின் வேலை எழுதுவது மட்டும். ஒவ்வொரு நாளையும் காலை, மதியம், மாலை, இரவு என்று நான்காகப் பிரியுங்கள். ஒவ்வொன்றிலும் என்ன செய்தீர்கள், அப்போது மனம் பத்துக்கு எத்தனை. பூஜ்யம் மிக மோசம், பத்து மிக நன்று. முடிந்த நாளில் சர்க்கரை எண்ணையும் பக்கத்தில் குறியுங்கள்.

ஓய்வுபெற்ற நடத்துநர் ஒருவர் எழுதிவந்த ஒரு பக்கம் இப்படி இருந்தது: 'காலை, படுத்திருந்தேன், 2. மதியம், டிவி, சாப்பிடவில்லை, 2. மாலை, பால்காரர் கணக்குக் கேட்டார், கூட்டிக்கொடுத்தேன், 5. இரவு, முறுக்கு ஒரு பொட்டலம், 1, சர்க்கரை 274.' நாள் முழுதும் ஒரே இருட்டு என்றுதான் அவர் வாயால் சொல்லியிருந்தார். தாளில் ஓர் ஐந்து இருந்தது. முப்பது ஆண்டு சில்லறை எண்ணிய கை அது, கணக்கில் கொஞ்சம் உயிர் பெற்றிருந்தது. மதியம் பட்டினி, இரவு முறுக்கு, 274 ஆகிய மூன்றும் ஒரே கோட்டில் நின்றதையும் அவரே விரலை வைத்துக் காட்டினார். நான் சொல்லியிருந்தால் அறிவுரை ஆகியிருக்கும்.

பசியில்லை என்று சாப்பாட்டைத் தவிர்ப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இன்சுலினோ கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுப்பவர் சாப்பிடாமல் வழக்கமான அளவை எடுத்தால் சர்க்கரை சடாரென்று இறங்கும். சாப்பிட முடியாத நாளில் என்ன அளவு என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு நோட்டின் உள் அட்டையில் எழுதிவைத்துவிடுங்கள்.

5. இரண்டாம் வாரம்: ஒரே ஒரு செயல்

'மனம் சரியானால் செய்வேன்' என்பதுதான் சோர்வின் வாதம். சிகிச்சை அதைத் திருப்பிப் போடுகிறது: செய்தால் மனம் கொஞ்சம் அசையும். அசைந்தால் அடுத்ததைச் செய்யலாம். எது அசைக்கும் என்பதை முதல் வாரத் தாளில் எடுக்க வேண்டும், அடுத்த வீட்டுக்காரர் யோசனையில் எடுக்கக் கூடாது. நடத்துநருக்குக் கணக்கு. எனவே அவருடைய செயல், மாலை ஐந்து மணிக்குத் தெருமுனை மளிகைக் கடைக்கு நடந்துபோய் அன்றைய வீட்டுக் கணக்கை எழுதிவருவது. நடை தானாக அதில் ஏறிக்கொண்டது.

செயலை எழுதும்போது மணி, இடம், அளவு மூன்றும் வேண்டும். 'தினமும் நடக்க வேண்டும்' என்பது ஆசை. 'மாலை 5 மணி, மொட்டைமாடி, ஆறு சுற்று' என்பது திட்டம். எழுதியதும் உங்களையே கேளுங்கள்: மிக மோசமான நாளிலும் இதைச் செய்வேனா? சந்தேகம் என்றால் பாதியாக்குங்கள். இன்னும் சந்தேகம் என்றால் மறுபடி பாதி. செருப்பை மாட்டி வாசல்வரை போவது என்று சுருங்கினாலும் வெட்கமில்லை. செய்து முடித்த சின்னது, முடிக்காத பெரியதைவிட மனத்துக்கு நல்ல சாட்சி.

காலில் புண், மரத்துப்போதல், கண்ணில் இரத்தக்கசிவு இருப்பவர்கள் நடையைத் தொடங்கும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். வெறுங்காலோடு கோயில் பிரகாரம் சுற்றுவதும் இதில் அடங்கும்.

6. சுயபராமரிப்பின் வரிசை

மூன்றாம் வாரத்திலிருந்து சர்க்கரைக்கான வேலைகளை ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். மாத்திரை முதலில், சாப்பாடு கடைசியில். வீடுகளில் நடப்பது இதற்கு நேரெதிர். முதல் நாளே அரிசியைப் பிடுங்கிவிடுவார்கள்.

மாத்திரையை முதலில் வைப்பதற்குக் காரணம், ஒரு நாளைக்கு ஒரு நிமிட வேலைக்கு அதுதான் அதிகப் பலன் தரும். ஏழு அறை கொண்ட மாத்திரைப் பெட்டியை ஞாயிறன்று நிரப்பி, காப்பித்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் வையுங்கள். ஏற்கெனவே தவறாமல் செய்யும் ஒன்றோடு கட்டினால்தான் நினைவில் நிற்கும். தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெயர் பதிந்திருந்தால் மாத்திரை வீட்டுக்கே வரும். மாதாமாதம் வரிசையில் நிற்க மனம் இல்லாதவருக்கு அது சிறிய உதவி இல்லை.

பிறகு கால். இரவு படுக்கும் முன் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்ப்பது, இரண்டு நிமிடம். அதற்குப் பிறகு சர்க்கரை பார்ப்பது. தினமும் மூன்று முறை குத்திப் பார்க்கும் வேகம் வேண்டாம். எத்தனை முறை என்பதை உங்கள் மருந்தைப் பொறுத்து மருத்துவர் சொல்வார். ஆனால் ஒவ்வொரு எண்ணுக்கும் 'இதை வைத்து என்ன செய்வேன்' என்ற பதில் இருக்க வேண்டும். பதில் இல்லாத எண் குற்ற உணர்ச்சியைத்தான் ஏற்றும்.

சாப்பாடு ஏன் கடைசி? அது ஒருநாளில் மூன்று முறை வரும் சோதனை. வீட்டில் எல்லோரும் கண் வைத்திருக்கும் இடம். சோர்ந்த மனத்துக்கு மிச்சமிருக்கும் சில சுகங்களில் ஒன்றும் அதுதான். மனம் கொஞ்சம் நிமிர்ந்த பிறகு, முதலில் வேளை தவறாமல் சாப்பிடுவது, அடுத்து சோற்றைக் குறைத்துக் காயைக் கூட்டுவது, அதற்கடுத்து இரவு நொறுக்குத்தீனி என்று போகலாம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரமாவது கொடுங்கள்.

7. எண்ணத்தைத் தாளில் பிடிப்பது

இது நான்காம், ஐந்தாம் வாரத்துக்கான வேலை. முன்பே தொடங்கினால், படுத்துக்கிடந்தபடி எண்ணங்களோடு வாதாடிக்கொண்டிருப்பதில் முடியும்.

நான்கு பத்தி: நடந்தது, ஓடிய எண்ணம், அதற்கு ஆதாரம், எதிராதாரம். கல்யாண வீட்டுக்குப் போய்வந்த மறுநாள் காலை 286 என்று வைத்துக்கொள்வோம். எண்ணம்: 'என்னால் எதையும் கட்டுப்படுத்த முடியாது. காலை எடுக்கத்தான் போகிறார்கள்.' ஆதாரம்: இரண்டு ஜாங்கிரி சாப்பிட்டேன், அண்ணனுக்குக் கால் எடுத்தார்கள். எதிராதாரம்: போன பன்னிரண்டு நாளில் ஒன்பது நாள் 180க்குள். நேற்று இரவு மாத்திரை போட்டேன். என் காலில் புண் இல்லை, நேற்றுதான் பார்த்தேன். இதையெல்லாம் எழுதியபின் கடைசி வரி: 'நேற்று அதிகம் சாப்பிட்டேன், இன்று ஏறியிருக்கிறது. மதியம் வழக்கம்போல் சாப்பிட்டு மாலை பார்ப்பேன்.'

கடைசி வரி உற்சாக வாசகமாக இருக்கக் கூடாது. 'எல்லாம் நன்றாகவே நடக்கும்' என்று எழுதினால் மனம் நம்பாது, எழுதிய கையே சிரிக்கும். சர்க்கரை நோயில் சில பயங்கள் உண்மையானவை. அண்ணனுக்குக் கால் எடுத்தது நடந்ததுதான். அந்தப் பயத்தை வாதாடித் தோற்கடிக்க முயலாமல், கால் பார்ப்பது, புண் வந்தால் அன்றே மருத்துவமனை போவது என்ற செயலாக மாற்றிவிட வேண்டும். இந்த இடத்தில் நல்ல சிகிச்சையாளர் இல்லாமல் தனியாகச் செய்பவர்கள் திணறுவார்கள். திணறினால் தாளோடு அடுத்த அமர்வுக்குப் போங்கள்.

8. வீட்டார்

'அப்பா, சோம்பேறித்தனம்தான் உங்களுக்கு வியாதி' என்று மகன் சொல்லும் வீட்டில் மேலே உள்ள எதுவும் நடக்காது. 'இதை ஏன் சாப்பிட்டீர்கள்' என்ற கேள்வியை ஒரு மாதம் மூட்டை கட்டி வையுங்கள். அதற்குப் பதில், 'ஐந்து மணி ஆகிறது அப்பா, நானும் மாடிக்கு வருகிறேன்' போதும். அவருக்கு மட்டும் தனிச் சமையல் வேண்டாம், எல்லோரும் ஒரே குழம்பைச் சாப்பிடலாம். குளுக்கோமீட்டரின் எண்ணை அவர் சொல்லும் முன் எட்டிப் பார்க்காதீர்கள்.

9. சறுக்கும் வாரம்

வரும். பண்டிகை, காய்ச்சல், ஊரில் ஒரு சாவு என்று ஏதாவது ஒன்றில் பெட்டியின் நான்கு அறை அப்படியே நிற்கும். விட்ட மாத்திரைகளைச் சேர்த்து விழுங்க வேண்டாம். மற்ற வேலைகளைத் தற்காலிகமாகக் கைவிட்டு, மாத்திரை, பாதியாக்கிய அந்த ஒரு செயல் ஆகிய இரண்டுக்கு மட்டும் திரும்புங்கள். அமர்வைத் தவறவிட்டால் அடுத்த வாரமே போய்விடுங்கள். 'செய்ததைக் காட்ட ஒன்றும் இல்லையே' என்று போகாமல் இருப்பவர்கள்தான் அதிகம். வெறும் நோட்டும் ஒரு செய்திதான், அதைப் படிக்கத் தெரிந்தவரிடம்தான் போகிறீர்கள்.

10. எதை, எப்போது அளப்பது

ஒன்பது கேள்விப் படிவத்தை நான்கு வாரத்துக்கு ஒருமுறை நிரப்புங்கள். வாரா வாரம் போட்டால் மனம் மதிப்பெண்ணைப் பிடித்துத் தொங்கும். ஆரம்ப எண் பாதியானால் நல்ல முன்னேற்றம், ஐந்துக்குக் கீழே வந்தால் சோர்வு விலகியதாகக் கொள்ளலாம். எட்டு வாரமாகியும் அசையவில்லை என்றால் மருந்தையோ சிகிச்சை முறையையோ மாற்றுவது பற்றிக் கேளுங்கள்.

ஹெச்பிஏ1சி ஏறத்தாழ மூன்று மாதச் சராசரி. அதற்கு முன் பார்ப்பதில் பெரிய பயனில்லை. மனம் தெளிந்தும் அந்த எண் அப்படியே நிற்பது உண்டு. சிகிச்சை பலிக்கவில்லை என்று அதை வைத்து முடிவுகட்டாதீர்கள். மனச்சோர்வுக்கான சிகிச்சை மனத்தை நிமிர்த்துவது போல அதே உறுதியோடு சர்க்கரையை இறக்குவதில்லை. அதற்கு மருந்தின் அளவை மறுபடி பார்க்க வேண்டியிருக்கும். மருந்தை ஒழுங்காக எடுப்பவர் என்று இப்போது மருத்துவருக்குத் தெரியும், அளவை நம்பி மாற்றுவார்.

சிகிச்சை முடியும் அமர்வில் ஓர் அட்டை எழுதி வாங்குங்கள். சோர்வு திரும்புவதன் முதல் மூன்று அறிகுறிகள் (நடத்துநருக்கு: பால் கணக்கை விடுவது, சவரம் செய்யாதது, மதியச் சாப்பாட்டைத் தவிர்ப்பது), அப்போது செய்ய வேண்டிய முதல் செயல், அழைக்க வேண்டிய எண். அவர் தம்முடைய அட்டையைக் காலண்டருக்குப் பின்னால் செருகிவைத்திருக்கிறார். மூன்றாவது அறிகுறியைத் தம்மைவிட மனைவிதான் முதலில் பார்ப்பார் என்பதால், அவருக்கும் ஒரு நகல் எடுத்துக் கொடுத்திருக்கிறார்.